முதல் சொம்பு கைக்கு

தனகோடிக்கு நாற்பத்து நான்கு வயது. அதில் இருபத்து மூன்று வருடம் மரக்காணம் உப்பளத்தில் கழிந்திருக்கிறது. பன்னிரண்டு வருடமாக அங்கே அவளுக்கு ஒரு பதவியும் உண்டு. சம்பளம் கிடையாது, நாற்காலி கிடையாது, வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. ஆனாலும் பதவிதான். அவள் செட்டில் வேலை செய்கிற மற்ற பதினைந்து பேருக்கும் குடிதண்ணீர் அவள் கையால்தான்.

உப்பளத்தில் கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர் நிற்கும். ஒரு வாய் குடிக்க முடியாது. நல்ல தண்ணீர் ஊரிலிருந்து வந்தாக வேண்டும். தனகோடி விடிவதற்கு முன்னால் தெருக்குழாயில் இரண்டு குடம் பிடித்து, புருஷன் அய்யனாரின் ஷேர் ஆட்டோவில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டு வந்து உப்பளத்துக் கரையில் இறங்குவாள். குடத்தின் மேல் ஈரத்துணி சுற்றி, உப்பு மேட்டின் நிழல் விழுகிற பக்கம் பார்த்து வைப்பாள். நிழல் நகர நகரக் குடமும் நகரும். பத்து மணிக்கும் கரிக்காத தண்ணீர், சூடேறாத தண்ணீர் என்று அவள் தண்ணீருக்குப் பக்கத்து செட்டுகளில்கூடப் பெயர் இருந்தது.

ஊற்றுவதற்கும் ஒரு முறை வைத்திருந்தாள். உப்பு வாருகிறவன் கையும் உப்பு, சுமக்கிறவள் கையும் உப்பு. அந்தக் கையைக் குவித்துக் குடித்தால் தண்ணீரும் கரிக்கும். அதனால் முதல் சொம்பு கைக்கு, இரண்டாவது சொம்பு வாய்க்கு. கைக்கு அரைச் சொம்புதான் ஊற்றுவாள். மூன்றாவது சொம்பு கேட்டால் முறைப்பாள். மேஸ்திரி சிவஞானம் அந்த செட்டையே குரலால் ஆட்டிப் படைக்கிறவர். அவரும் தனகோடிக்கு முன்னால் இடுப்பை வளைத்துக் கையைக் குவித்து நிற்கத்தான் வேண்டும். "இன்னும் குனிங்க மேஸ்திரி, சட்டை நனையுது" என்று அவரிடம் சொல்லும் அந்த ஒரு நிமிஷத்துக்காகவே இரண்டு குடம் தூக்கலாம் என்று தனகோடி நினைத்ததுண்டு. நினைத்ததை வெளியே சொன்னதில்லை.

போன வருடம் மாசியில் அவளுடைய இடது முழங்கையில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவந்து, மேலே வெள்ளையாகச் செதில் கட்டியது. உப்பு வெட்டியிருக்கும் என்று விட்டுவிட்டாள். உப்பளத்தில் எந்தக் காயத்துக்கும் முதல் குற்றவாளி உப்புதான், விசாரணையே கிடையாது. ஆனால் இது ஆறவில்லை. பிறகு வலது முழங்கை, கணுக்கால், தலைமயிருக்குள் என்று தனக்குப் பிடித்த இடமாகப் பார்த்துக் குடியேறியது. அரிப்பு தாங்காமல் ஒரு நாள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே பூங்குழலி என்று ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு. நல்ல மாதிரி. முழங்கையைத் தொட்டுத் திருப்பிப் பார்த்தாள். தொட்டுப் பார்த்ததே தனகோடிக்குப் பெரிய விஷயமாக இருந்தது. இதன் பெயர் சொரியாசிஸ் என்றும், ஒட்டுவாரொட்டி இல்லை, யாருக்கும் தொற்றாது என்றும் சொன்னாள். ஓ.பி. சீட்டில் எழுதி, தடவ ஒரு களிம்பும் கொடுத்தாள். கிளம்பும்போது, "மனசுல கவலை வச்சுக்காதீங்கம்மா. கவலைப்பட்டா இது கூடும்" என்றாள்.

களிம்பை எங்கே தடவ வேண்டும், எத்தனை வேளை தடவ வேண்டும் என்பதெல்லாம் சீட்டில் இருந்தது. கவலையை எங்கே இறக்கி வைக்க வேண்டும் என்பது மட்டும் இல்லை. தனகோடி அதுவரைக்கும் தனக்குக் கவலை இருக்கிறதா இல்லையா என்று யோசித்ததே கிடையாது. அதற்கெல்லாம் நேரம் ஏது? அன்றைக்கு ஆட்டோவில் வரும்போதுதான் முதல் தடவையாகத் தான் கவலைப்படுகிறோமோ என்று கவலைப்பட ஆரம்பித்தாள். அந்த அளவில் வைத்தியம் உடனே வேலை செய்துவிட்டது.

செட்டில் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரே தொற்றாது என்று சொன்ன பிறகு சொல்வதற்கு என்ன இருக்கிறது என்பது அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட காரணம். உண்மைக் காரணம் வேறு. அந்தப் பதினைந்து பேரையும் அவளுக்குத் தெரியும். மெட்ராஸ் ஐ வந்தவன் உட்கார்ந்துவிட்டுப் போன சைக்கிள் சீட்டைக்கூட மூன்று நாள் தொடாதவர்கள். சொன்னால் அன்றைக்கே குடம் போய்விடும். குடம் போய்விட்டால் அவள் யார்? தலையில் உப்பு சுமக்கிற பத்துப் பேரில் ஒருத்தி.

மறைப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. வெள்ளையாக உதிர்கிற தோலை ஒளித்து வைக்க உப்பளத்தைவிட வசதியான இடத்தை உலகம் முழுக்கத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. வேலை ஆரம்பித்த ஒரு மணி நேரத்தில் எல்லார் கையும் காலும் வெள்ளை பூத்துவிடும். யார் தோல் உதிர்கிறது, யார் மேல் உப்பு உதிர்கிறது என்று யார் பார்க்கப் போகிறார்கள்? புடவைக்கு மேல் அய்யனாரின் முழுக்கைச் சட்டை, தலைக்குச் சும்மாடு. இரண்டும் மற்ற பெண்களும் போடுவதுதான். பங்குனியிலிருந்து மழை பிடிக்கும் வரை ஏழு மாதம் அப்படியே ஓடியது. பதினைந்து பேரும் அவள் கையால் குடித்தார்கள். தனகோடி செய்த ஒரே மாற்றம், சொம்பை முன்னைவிடக் கொஞ்சம் உயரமாகத் தூக்கி ஊற்ற ஆரம்பித்ததுதான். அதை யாரும் கவனிக்கவில்லை.

ஐப்பசியில் மழை வந்து உப்பளம் மூடியது. தை பிறந்ததும் கரை கட்ட எல்லாரும் திரும்பி வந்தார்கள். கரை கட்டுவது சேற்று வேலை. உப்பு இன்னும் விளையவில்லை. மூன்று மாதம் மழையில் நனைந்து எல்லார் தோலும் அதனதன் நிறத்துக்குத் திரும்பியிருந்தது. தனகோடி சேற்று வேலையின் பழக்க தோஷத்தில் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு மண்வெட்டியை எடுத்தாள். பக்கத்தில் பாஞ்சாலை நின்றிருந்தாள்.

பாஞ்சாலை எதிர்வீட்டுக்காரி. தனகோடியைவிட இரண்டு வயது சின்னவள். அக்கா என்றுதான் கூப்பிடுவாள். பன்னிரண்டு வருடமாக இருவரும் ஒரே தூக்கில் கொண்டுவந்த கூழைக் குடித்து, ஒரே மிளகாயைக் கடித்தவர்கள். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதவள் என்று பாஞ்சாலையைப் பற்றி ஊரில் சொல்வார்கள். அது வாஸ்தவம். அவள் மனசில் போட்டதெல்லாம் சாயங்காலத்துக்குள் தெருவுக்கு வந்துவிடும்.

"இன்னாக்கா இது, கையெல்லாம் செதில் செதிலா இருக்குது?"

தனகோடி சட்டைக் கையை இறக்கிவிட்டாள். "இப்பத்தான்டி, ஒரு வாரமா. மார்கழிப் பனி ஒத்துக்கல."

அந்த ஒரு வாரம் என்கிற பொய்யை ஏன் சொன்னோம் என்று பிற்பாடு அவள் எத்தனையோ தடவை தன்னையே கேட்டுக்கொண்டாள். வாயில் வந்தது, சொல்லிவிட்டாள். சொல்லி முடித்த நிமிஷத்திலிருந்து ஊருக்கு அந்த நோய் பிறந்த தேதி தை மாதம் ஐந்தாம் தேதி ஆகிவிட்டது. நாங்கள் பார்த்த அன்றைக்கு வந்தது என்பதுதான் அவர்கள் கணக்கு. அதற்கு முன் இருந்திருக்குமோ என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதலில் வந்தவை ஆலோசனைகள். அந்த செட்டில் இத்தனை தோல் டாக்டர்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தது அதுவரை யாருக்கும் தெரியாது. கரப்பான் பண்டம் ஆகாது என்று கருவாட்டை நிறுத்தச் சொன்னார்கள். கத்திரிக்காயை நிறுத்தச் சொன்னார்கள். கடலோரத்தில் குடியிருக்கிறவளிடம் மீனையும் குறைக்கச் சொன்னார்கள். ஒருத்தி வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசச் சொன்னாள், இன்னொருத்தி மஞ்சளே கூடாது என்றாள். எல்லாரும் கடைசியில் ஒரே வரியில்தான் முடித்தார்கள். மனசைத் தளர விடாதே, தைரியமாக இரு. இதைச் சொல்லிவிட்டு ஒவ்வொருவரும் அரை அடி தள்ளி நின்றார்கள்.

பாஞ்சாலை கோயில் வழி சொன்னாள். தோலில் எது வந்தாலும் அம்மன் கோயிலில் உப்பும் மிளகும் கொட்டுவதாக வேண்டிக்கொண்டால் உப்பு கரைகிற மாதிரி கரைந்து போகும். அந்தப் பக்கம் எல்லாரும் செய்வதுதான். தனகோடி, அதற்கென்ன, மேட்டில்தான் மலையாகக் கிடக்கிறதே, ஒரு கூடை எடுத்துக்கொண்டு போகிறேன் என்றாள். பாஞ்சாலை காதைப் பொத்திக்கொண்டாள். "நாம வார்ற உப்பைக் கொட்டினா அது வேலக்கா. கடையில வாங்கிக் கொட்டினாத்தான் வேண்டுதல்."

அப்படியாக, இருபத்து மூன்று வருடம் தலையில் உப்பு சுமந்தவள் மளிகைக் கடையில் நின்று ஒரு பாக்கெட் உப்பு கேட்டாள். கடைக்காரன் ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தான். அந்தப் பாக்கெட்டில் இருந்தது அவள் சுமந்த உப்பாகவே இருக்கலாம், யார் கண்டது? கோயிலில் கொட்டிவிட்டு வந்தாள். அம்மனுக்கும் அந்த உப்பு எந்தக் கரையிலிருந்து வந்தது என்று தெரியாமலா இருக்கும் என்று வழியெல்லாம் உறுத்தியது.

மாசியில் பாத்திகளில் தண்ணீர் பாய்ச்சினார்கள், பங்குனியில் உப்பு விழுந்தது, வேலை சூடு பிடித்தது. கூடவே பாட்டில்களும் வந்தன.

முதல் பாட்டில் பாஞ்சாலையுடையது. பச்சை நிறம், மூடியில் வார் வைத்தது. தொண்டை கட்டிக்கொள்கிறது, வெந்நீர்தான் குடிக்க வேண்டுமாம். சித்திரை வெயிலில் உப்பளத்து நடுவில் நின்றுகொண்டு வெந்நீர் குடிக்கிற தியாகத்தை அவள் முகம் கோணாமல் செய்தாள். அடுத்தவனுக்குப் பையன் சென்னையிலிருந்து பாட்டில் வாங்கி அனுப்பியிருந்தான், கொண்டுவராவிட்டால் பையன் மனசு நோகும். இன்னொருத்திக்கு விரதம். ஒருவன் காரணம் கண்டுபிடிக்கச் சோம்பல்பட்டு, தாகமே எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டு, மேட்டுக்குப் பின்னால் போய்ச் சட்டைக்குள்ளிருந்து எடுத்துக் குடித்தான். யாரும் தனகோடியிடம் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. அவ்வளவு பண்பானவர்கள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள், விஷயம் அன்றைக்கே தீர்ந்திருக்கும். பாட்டிலை என்ன சொல்லித் திட்டுவது?

கடைசியில் மேஸ்திரியே வந்தார். அவர் குரலில் அன்றைக்கு இருந்த கனிவை அந்த உப்பளம் அதற்கு முன் கேட்டதில்லை. "ஏம்மா, உனக்கு எதுக்கு வீண் சுமை? இனிமே அவங்கவங்க பாட்டில் எடுத்தாந்துக்கட்டும். நீ உடம்பைப் பாத்துக்க."

தனகோடி சரி என்று தலையாட்டினாள். மறுநாளும் இரண்டு குடம் கொண்டுவந்தாள். அதற்கு மறுநாளும். வீம்பு என்று சொன்னால் வீம்புதான். நிழல் பார்த்து வைத்தாள், ஈரத்துணி சுற்றினாள், நகர்த்தினாள். குடித்தது ஒரே ஆள். மேஸ்திரி வளர்க்கிற நாய், பெயர் மணி. அதற்கு முதுகு முழுக்கச் சொறி, வாலில் மயிரே கிடையாது. செட்டில் எல்லாரும் அதைத் தடவிக் கொடுப்பார்கள், தின்பண்டம் ஊட்டுவார்கள். தன்னைத் தள்ளி வைத்தவர்கள் மணியின் முதுகைத் தடவுவதைப் பார்த்துக்கொண்டு தனகோடி மணிக்குத் தண்ணீர் ஊற்றுவாள். மிச்சத்தைச் சாயங்காலம் கரையில் கவிழ்த்துவிட்டுக் காலிக் குடத்தோடு ஆட்டோ ஏறுவாள். அழுகை வந்தது. ஆட்டோவில் வேறு ஆட்களும் இருப்பார்கள் என்பதால் அழவில்லை.

தோலுக்கு இதெல்லாம் தெரிந்துவிட்டது. பாட்டில் ஒன்று கூடினால் முதுகில் ஒரு திட்டு கூடியது. மேஸ்திரி கனிவாகப் பேசிய வாரம் நெற்றியின் மயிரோரம் வரைக்கும் இறங்கியது. அரிப்பில் தூக்கம் போனது. தூக்கம் போனதால் அரிப்பு கூடியது. காலையில் பாயை உதறினால் ஒரு பிடி விழும். அதைப் பார்க்கிற அய்யனார் துடைப்பத்தை எடுத்துத் தானே கூட்டிவிடுவான். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை. "சரியாப்பூடும்" என்பான். ஆட்டோ நடுவழியில் நின்றாலும் அவன் சொல்வது அதே வார்த்தைதான். ஆனால் அதே பாயில்தான் படுத்தான், அவள் ஊற்றிய தண்ணீரைத்தான் குடித்தான்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, போன தடவைக்கு இப்போது அதிகமாகியிருக்கிறதே, கவலைப்படுகிறீர்களா என்று கேட்டாள். பின்னால் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். இல்லையே என்றாள் தனகோடி. டாக்டரம்மா நன்றாகத் தூங்கச் சொன்னாள், மனசுக்குப் பிடித்ததைச் செய்யச் சொன்னாள். மனசுக்குப் பிடித்தது பதினைந்து பேருக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. இடையஞ்சாவடிப் பக்கம் சவாரி போய்வந்த அய்யனார், அங்கே ஒரு இடத்தில் உப்புத் தண்ணீரில் படுத்தால் தோலும் மினுங்கும் மனசும் அமைதியாகும் என்று போர்டு போட்டிருப்பதாகவும், வெள்ளைக்காரர்கள் முன்கூட்டியே பெயர் எழுதி வைத்துவிட்டு வந்து படுப்பதாகவும் சொன்னான். தனகோடி தன் காலைப் பார்த்துக்கொண்டாள். இருபத்து மூன்று வருடம் முழங்கால் வரை உப்புத் தண்ணீரில் நின்ற கால். அந்தக் கணக்குப்படி அவள் இந்நேரம் ஒளிவிட்டுக்கொண்டு அமைதியின் உச்சியில் இருந்திருக்க வேண்டும்.

அவளைத் தின்றது எது என்று அவளுக்குத் தெரியும். சாப்பாட்டுப் பையில், பிளாஸ்டிக் கவருக்குள் மடித்து வைத்திருந்த அந்தப் பழைய ஓ.பி. சீட்டு. போன வருடம் பங்குனித் தேதியில் சீல் குத்தியது. அதை எடுத்துக் காட்டினால் போதும். நோய் வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, நீங்கள் எல்லாரும் ஏழு மாதம் என் கையால் குடித்தீர்கள், ஒருவருக்காவது வந்ததா? இதைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும்? ஆனால் காட்டினால் அடுத்த கேள்வி வரும். தெரிந்துகொண்டே எங்களுக்கு ஊற்றினாயா? ஒரு வாரம் என்று பொய் சொன்னாயா? காட்டாவிட்டால் ஒட்டுவாரொட்டிக்காரி, காட்டினால் பொய்க்காரி. இரண்டில் எது என்று முடிவு பண்ண முடியாமல் தினமும் சீட்டைக் கொண்டுபோய்த் தினமும் திருப்பிக் கொண்டுவந்தாள். சீட்டு பழுப்பேறியது, தோல் சிவந்தது.

கத்திரி வெயில் ஆரம்பித்த நாலாம் நாள், பாஞ்சாலை கழுத்தில் சின்னச் சின்னதாகச் சிவப்பு பூத்திருந்தது. பத்து மணி ஓய்வுக்கு எல்லாரும் மேட்டு நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். பாஞ்சாலை கழுத்தைச் சொறிந்துகொண்டே எழுந்து நின்று, எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்:

"எனக்கும் வந்துடுச்சு பாரு. தள்ளித்தான் இருந்தேன், பாட்டில்லதான் குடிச்சேன், அப்பவும் வுடலையே. இது யாருகிட்டேர்ந்து வந்துதுன்னு நான் சொல்லணுமா?"

தனகோடிக்கு உடம்பெல்லாம் கொதித்தது. பன்னிரண்டு வருடம் ஒரே மிளகாயைக் கடித்தவள் வாயிலிருந்து வந்த வார்த்தை. அதுவரை இருந்த பயமெல்லாம் அந்தக் கொதிப்பில் எங்கேயோ போய்விட்டது. பையைத் திறந்து சீட்டை எடுத்தாள். நேராக மேஸ்திரியிடம் போய் நீட்டினாள்.

"படிங்க மேஸ்திரி. தேதியப் படிங்க."

சிவஞானம் சீட்டைத் தூரப் பிடித்துப் படித்தார். போன வருடம் மார்ச் இருபது.

"போன பங்குனிலேர்ந்து எனக்கு இருக்குது. ஒரு வாரம்னு சொன்னது பொய்தான். இவளுக்கு பயந்து சொன்னேன். ஏழு மாசம் அத்தினி பேரும் என் கையாலதான் தண்ணி குடிச்சீங்க. மூணாவது சொம்பு கேட்டுக் கேட்டுக் குடிச்சீங்க. அப்ப வராதது இப்ப பாட்டில்ல குடிக்கறவளுக்கு வந்துடுச்சாமா?"

சொல்லி முடித்துவிட்டு அவள் உட்கார்ந்தாள். ஒரு வருடமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. இனி என்ன ஆனாலும் ஆகட்டும் என்று இருந்தது.

நியாயப்படி பார்த்தால் அந்த இடத்தில் எல்லாருக்கும் புத்தி வந்திருக்க வேண்டும். ஏழு மாதம் குடித்தும் வரவில்லை என்பது சின்னப் பிள்ளைக்கும் புரிகிற விஷயம். ஆனால் செட்டின் காதில் விழுந்தது பாதிதான். ஏழு மாதம் குடித்தோம் என்பது மட்டும் விழுந்தது. வரவில்லை என்பது விழவில்லை. முதலில் மேஸ்திரி சிவஞானம் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மெதுவாக இடது முழங்கையைச் சொறிந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவன் கணுக்காலைச் சொறிந்தான். பிறகு ஒருத்தி தலைக்குள் கைவிட்டாள். ஐந்து நிமிஷத்தில் பதினைந்து பேரும் ஆளுக்கொரு இடத்தில் சொறிந்துகொண்டிருந்தார்கள். மணி மட்டும் சும்மா படுத்திருந்தது.

அன்று மதியமே வேலை நின்றது. அடுத்த நாளும் நடக்கவில்லை. உப்பு பாத்தியில் கிடந்தது. வீட்டுக்கு வீடு சொறிகிற சத்தம். நகம் பட்டுச் சிவந்ததைக் காட்டி, பார்த்தாயா தடித்துவிட்டது என்றார்கள். தடித்ததைப் பார்த்துப் பயந்து இன்னும் சொறிந்தார்கள். அந்த இரண்டு நாளும் தனகோடி வீட்டில் இருந்தாள். முதல் நாள் சாயங்காலம் சும்மா தலையைச் சாய்த்தவள் விடியும் வரை தூங்கினாள். பல மாதத்துக்குப் பிறகு வந்த தூக்கம். எழுந்ததும் கை பழக்கத்தில் முழங்கைக்குப் போனது. அங்கே பெரிதாக அரிக்கவில்லை. திட்டு அப்படியேதான் இருந்தது. ஆனால் அதன் கோபம் குறைந்திருந்தது. பொய்யை இறக்கி வைக்க ஒரு களிம்பும் தேவைப்படவில்லை என்பது டாக்டரம்மாவின் சீட்டில் எழுதாத வைத்தியம்.

இரண்டாம் நாள் காலை மேஸ்திரி அய்யனாரைக் கூப்பிட்டு, எல்லாரையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகச் சொன்னார். அய்யனார் மத்தியானம் வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, வழக்கத்துக்கு மாறாகப் பேசினான். "ரெண்டு ட்ரிப்பு அடிச்சேன். ரோடு நல்லாத்தான் இருந்துச்சு, வண்டிதான் அந்தக் குலுங்கு குலுங்குச்சு."

தனகோடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீதியை அவன் சாவகாசமாகச் சொன்னான். டாக்டரம்மா பதினைந்து பேரையும் வெளிச்சத்தில் நிறுத்தி ஒவ்வொருவராகப் பார்த்தாளாம். பாஞ்சாலைக்குக் கழுத்தில் இருந்தது வேர்க்குரு. கத்திரி வெயிலில் ஊரில் பாதிப் பேருக்கு இருப்பது. மேஸ்திரிக்கு இருந்தது அவருடைய நகக்கீறல். மற்றவர்களுக்கு உப்பு வெடிப்பைத் தவிர ஒன்றும் இல்லை. அப்படியென்றால் ஏன் இப்படி அரிக்கிறது என்று மேஸ்திரி விடவில்லை. பயத்தில் அரிக்கிறது என்றாள் டாக்டரம்மா. மனசு பயந்தால் தோலுக்குத் தெரியும், இது உங்கள் மனசில்தான் இருக்கிறது. கடைசியில் மேஸ்திரி குரலைத் தாழ்த்தி, அந்த மாதிரி உள்ளவர்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தால் என்ன ஆகும் என்று கேட்டாராம்.

"அதுக்கு அந்தம்மா, தாகம் போகும், வேற ஒண்ணும் வராதுன்னுச்சு" என்றான் அய்யனார். பிறகு எல்லாருக்கும் பூசிக்கொள்ள ஒரு வெள்ளை லோஷன் எழுதிக்கொடுத்து, போகும்போது மறக்காமல், மனசில் கவலை வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லி அனுப்பினாளாம். திரும்பி வரும்போது ஆட்டோவில் ஒருவரும் சொறியவில்லை. வண்டியும் குலுங்கவில்லை.

மறுநாள் காலை தனகோடி எப்போதும் போல இரண்டு குடத்தோடு கரையில் இறங்கினாள். நிழல் பார்த்து வைத்துவிட்டுச் சுமக்கப் போய்விட்டாள். யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. சட்டைக் கையை மட்டும் முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருந்தாள். பத்து மணிக்கு அன்னக்கூடையை இறக்கிவிட்டு வந்து குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுற்றிப் பார்த்தாள். ஒரு பாட்டில்கூடக் கண்ணில் படவில்லை. மணி ஓடிவந்தது, அதற்கு முதலில் ஊற்றினாள். இத்தனை நாளும் குடித்த விசுவாசி.

மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அந்த செட்டில் கிடையாது. அதற்கான வார்த்தைகளும் யாரிடமும் இல்லை. இங்கும் அங்கும் நின்றார்கள். மேட்டின் உயரத்தைப் புதிதாகப் பார்ப்பவர்கள் போலப் பார்த்தார்கள். வெயில் ஏறியது. கடைசியில் பாஞ்சாலைதான் வந்தாள். தனகோடியின் முகத்தைப் பார்க்காமல், கடல் இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டு குனிந்து கையைக் குவித்தாள். தொண்டைக்கட்டுக்கு வெந்நீர் தேவைப்படவில்லை போலிருக்கிறது. விரலிடுக்கில் வெள்ளை லோஷன் காய்ந்து ஒட்டியிருந்தது.

தனகோடி சொம்பை எடுத்தாள். குடத்தில் முக்கவில்லை. குவித்த கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ரெண்டு நாளா சொறிஞ்ச கை. போய்க் கழுவிட்டு வா."

பாஞ்சாலை நிமிர்ந்து பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. திரும்பி நடந்து பாத்தியில் இறங்கி உப்புத் தண்ணீரில் கையைத் தேய்த்துக் கழுவினாள். நகம் கீறிய இடமெல்லாம் எரிந்திருக்கும். கண்ணில் தண்ணீரோடு திரும்பி வந்து, மறுபடி குனிந்து கையைக் குவித்தாள்.

முதல் சொம்பு கைக்கு. அரைச் சொம்பு ஊற்றுகிறவள் அன்றைக்கு முழுச் சொம்பும் ஊற்றினாள். இரண்டாவது சொம்பு வாய்க்கு. ஒரு வருடமாக உயர்த்திப் பிடித்திருந்த சொம்பைத் தனகோடி தாழ்த்தினாள். அவள் விரல் பாஞ்சாலையின் விரலில் இடிக்கிற அளவுக்குத் தாழ்த்தினாள். பாஞ்சாலை கையை இழுத்துக்கொள்ளவில்லை. மடக் மடக்கென்று குடித்தாள். கேட்காமலே தனகோடி மூன்றாவது சொம்பும் ஊற்றினாள்.

ஊற்றி முடித்து நிமிர்ந்தபோது மேஸ்திரி சிவஞானம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்தியில் இறங்கிக் கை கழுவிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பதிமூன்று பேர் வரிசையில் நின்றார்கள்.